அறிவை ஆராய்ந்த அறவோர்: அருவிப்புறம் நாராயண குருவின் வரலாறு

கண் காண்பது ஒன்று. அதனைக் காட்சியாக மனம் கொள்வது வேறொன்று. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வேற்றுமையை உணராதவன், தன் மனம் வரைந்த ஓவியத்தையே உலகம் என்று எண்ணி மயங்குகிறான். கயிற்றை அரவெனக் கண்டு அஞ்சும் அளவில் இம்மயக்கம் நின்றுவிடுமாயின் பெருங்கேடு ஒன்றுமில்லை. விளக்கு வந்ததும் அச்சம் அகன்றுவிடும். ஆயின் எதிரே வரும் மனிதனை மனிதனாகக் காணவொட்டாமல், தீட்டாகக் காணச் செய்யும் மயக்கமும் உண்டு. அஃது எத்தனை விளக்குகள் ஏற்றினும் எளிதில் அகலாதது. ஒரு நாட்டையே பல நூற்றாண்டுகள் இருளில் ஆழ்த்த வல்லது.

அறிவு என்பது யாது? அஃது எவ்வாறு பிறழ்கின்றது? பிறழ்ந்த அறிவிலிருந்து எழுந்த பழக்கத்தை மாற்றுவது எங்ஙனம்? இம்மூன்று வினாக்களையும் தம் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்து, ஆராய்ந்தவாறே வாழ்ந்தும் காட்டியவர் நாராயண குரு ஆவார். மூளையையும் மனத்தையும் பற்றிய ஆராய்ச்சி வளர்ந்துள்ள இந்நாளில் அவர்தம் வரலாற்றை மீண்டும் எண்ணிப் பார்ப்பது நம் அன்பர்கட்குப் பெரிதும் பயன்தரும் எனக் கருதி, அதனை ஈண்டுச் சுருங்க வரைகின்றோம்.

நாடும் காலமும்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் பெருவழியில், களியக்காவிளையைக் கடந்தால் பாறசாலை, அதற்கப்பால் நெய்யாற்றின்கரை. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, விளவங்கோடு, கல்குளம் முதலிய வட்டங்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு வரைபடத்தில் விழுந்ததே அன்றி, அங்குள்ள சிற்றூர்களின் பேச்சில் விழவில்லை. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் இருந்து பேசப்படும் நாடு அது. அகத்தியமலையில் தோன்றிப் பூவாற்றருகே கடலில் கலக்கும் நெய்யாறு அந்நாட்டினூடே ஓடுகின்றது. அவ்வாற்றங்கரையில், பாறைகளும் காடும் சூழ்ந்த இடமே அருவிப்புறம்.

சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில் அந்நாடு திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தது. இன்ன சாதியார் இன்ன சாதியாரிடமிருந்து இத்தனை அடி விலகி நிற்கவேண்டும் என்று அங்கே வழக்கம் வகுத்திருந்தது. சிலரைத் தொட்டால் தீட்டு. சிலர் அணுகினால் தீட்டு. சிலரைக் கண்ணால் கண்டாலே தீட்டு. மார்பை மறைக்கும் ஆடைக்காகத் தென் திருவிதாங்கூர்ப் பெண்கள் பல ஆண்டுகள் போராடி, 1859-ஆம் ஆண்டில்தான் அரசாணை பெற்றனர். காணும் புலனே தீட்டிற்கு வாயிலாக்கப்பட்ட நாட்டில், காட்சி என்பது யாது என்னும் ஆராய்ச்சி ஏட்டளவில் நிற்கும் தத்துவம் அன்று. உயிர்வாழ்வின் கேள்வியே ஆகும்.

இளமையும் கல்வியும்

திருவனந்தபுரத்திற்கு வடக்கே செம்பழந்தி என்னும் சிற்றூரில், ஈழவர் குடியில், மாடன் ஆசானுக்கும் குட்டியம்மைக்கும் மகனாக அவர் பிறந்தார். பிறந்த ஆண்டு 1856 எனக் கொள்வர். நாணு என்பது வீட்டார் அழைத்த பெயர். தந்தையார் ஊர்ச்சிறுவர்க்கு எழுத்தறிவித்தவர். மாமன் கிருஷ்ணன் வைத்தியர் மருத்துவம் அறிந்தவர். ஆகவே எழுத்தும் மருந்தும் அச்சிறுவனுக்குக் குடும்பச் செல்வங்களாகவே வாய்த்தன. பின்னர் மத்திய திருவிதாங்கூருக்குச் சென்று, கும்மம்பிள்ளி இராமன்பிள்ளை ஆசானிடம் வடமொழியில் காவியமும் இலக்கணமும் பயின்றார். தமிழை அயன்மொழியாக அவர் கருதவே இல்லை. திருக்குறளிலும் சைவ நூல்களிலும் ஆழ்ந்து தோய்ந்தார். தமிழிலேயே பதிகங்கள் பாடினார். குறட்பாக்கள் சிலவற்றையும் ஒழிவிலொடுக்கம் என்னும் நூலையும் மலையாளத்தில் பெயர்த்தார்.

ஊர் திரும்பிச் சிலகாலம் பிள்ளைகட்குப் பாடம் சொல்லி நாணு ஆசான் எனப் பெயர்பெற்றார். உறவினர் மணம் முடித்துவைத்தனர். எனினும் அவர் மனம் இல்லறத்தில் நிற்கவில்லை. வீட்டைவிட்டு நீங்கி நாடெங்கும் திரிந்தார். சட்டம்பி சுவாமிகளின் நட்பு அக்காலத்தில் வாய்த்தது. திருவனந்தபுரம் தைக்காட்டில் அரசாங்கப் பணியில் இருந்த தமிழ்ச் சான்றோர் ஐயாவு சுவாமிகளிடம் யோகப் பயிற்சி பெற்றார். மீனவர் குடிசையிலும் இசுலாமியர் இல்லத்திலும் கிடைத்ததை உண்டு, தென்கடற்கரை வழியே நடந்தார். இறுதியாக, கன்னியாகுமரியை அடுத்த மருத்துவாமலையின் குகை ஒன்றில் தங்கி நெடுநாள் தவமிருந்தார். புறப்புலன்களை அடக்கி, அறியும் அறிவையே நோக்கியிருந்த காலம் அது.

அருவிப்புறத்தில் நிகழ்ந்தது

அங்கிருந்து நெய்யாற்றங்கரை வந்து அருவிப்புறத்துக் குகையில் தங்கினார். செய்தி பரவவே, நோயாளிகளும் மனம் நொந்தவர்களும் நாடி வந்தனர். பேய் பிடித்தது, மாடன் அடித்தது என்று அஞ்சி வந்தோர் பலர். அவர்கட்கு மருந்து உதவியும், தூய்மையாக இருக்கப் பழக்கியும், ஆறுதல் கூறியும் அனுப்பினார்.

1888-ஆம் ஆண்டு சிவராத்திரி இரவில், ஆற்றின் ஆழத்திலிருந்து ஒரு கல்லை எடுத்துவந்து, அங்கிருந்த பாறையின்மேல் சிவமாக நிறுவினார். அருச்சகர் குலத்தார் அல்லாத ஒருவர் அங்ஙனம் செய்தல் அந்நாளில் கேட்டறியாத செயல். அதற்கு உரிமை ஏது என வினவியோர்க்கு, தாம் நிறுவியது அவர்களுடைய சிவம் அன்றே என்ற பொருள்பட அமைதியாக விடை தந்தார் என்பர். சாதி வேற்றுமையும் சமயப் பகையும் இன்றி யாவரும் உடன்பிறந்தாராய் வாழ்தற்கு அவ்விடம் எடுத்துக்காட்டாகும் என்று அங்கே எழுதியும் வைக்கப்பட்டது.

வியத்தற்குரிய ஒரு பொருத்தம் இங்குண்டு. அதே 1888-ஆம் ஆண்டில், இசுபெயின் நாட்டுப் பார்சிலோனா நகரில், ரமோன் இ கஹால் என்னும் மருத்துவ அறிஞர் பறவைகளின் சிறுமூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, நரம்பு மண்டலம் ஒரே வலையன்று, தனித்தனி அணுக்களால் ஆயது என்று காட்டினார். இற்றைநாள் மூளை ஆராய்ச்சிக்கு அதுவே அடிக்கல். அதற்காக 1906-ஆம் ஆண்டில் நோபெல் பரிசும் பெற்றார். இருவரும் ஒருவரை ஒருவர் அறியார். ஒருவர் அறிவின் கருவியைப் புறத்தே வைத்துப் பகுத்தார். மற்றவர் அறிவையே அகத்தே நோக்கிப் பகுத்தார்.

அறிவாராய்ச்சி

குருவின் நூல்களுள் ஆத்மோபதேச சதகம் மலையாளத்தில் நூறு பாடல்கள் கொண்டது. தரிசனமாலை வடமொழியில் பத்துத் தலைப்புகளில் பப்பத்தாக நூறு பாடல்கள் கொண்டது. அதன் இறுதித் தலைப்பு நிர்வாணம் என்பது. அறிவு என்ற பெயரிலேயே ஒரு சிறு நூலும் உண்டு. இவற்றுள் அவர் எடுத்தாளும் எடுத்துக்காட்டுகள் அனைத்தும் எளிய வாழ்விலிருந்து வந்தவை.

இருட்டில் இருவர் இருக்கின்றனர். ஒருவன் மற்றவனை, அங்கிருப்பது யார் என்று வினவுகிறான். நான் என்கிறான் அவன். அவனும் அவ்வாறே வினவ, இவனும் நான் என்றே விடை கூறுகிறான். உடலும் உருவும் உடையும் இருளில் மறைந்தபோது, இருவர் வாயினின்றும் வருவது ஒரே சொல்லாகிவிடுகிறது. வேற்றுமை எல்லாம் வெளிச்சத்தில் கண் சேர்த்துக்கொண்டவை என்பது கருத்து. மற்றோரிடத்தில், ஐம்புலன்களை ஐந்து பழங்களை உண்டு திரியும் ஐந்து பறவைகளாக உருவகம் செய்கிறார். பிறிதோரிடத்தில், இது குடம் என்னும் சிறு வாக்கியத்தைப் பிரித்துக் காட்டுகிறார். இது என்று சுட்டும் அறிவு வேறு. குடம் என்று பெயரிடும் அறிவு வேறு. முன்னது எதிர்ப்பட்டதை உணர்வது; பின்னது, பண்டு பழகியதைக் கொணர்ந்து அதன்மேல் ஏற்றுவது. அறிவின் ஆற்றலைச் சமம் என்றும் அன்னியம் என்றும் இரண்டாகப் பகுத்து, வேற்றுமை காண்பதிலேயே ஓடும் அறிவை ஒருமை காணும் அறிவால் வெல்லவேண்டும் என்பது அவர் முடிபு.

நம் அன்பர்கட்கு இப்பகுப்பு புதியதன்று. மணிமேகலை ஐங்கந்தங்களைக் கூறுமிடத்து, நுகர்ச்சியையும் அறிவையும் வேறு வைத்து, அடையாளங் காணும் தொழிலைக் குறிப்பு எனத் தனியே பெயரிடுகின்றது. குருவோ வேதாந்த நெறியில் நின்று, எல்லாம் ஓர் அறிவே எனத் தேறியவர். பௌத்தமோ நிலைத்த ஆன்மா ஒன்றை ஏற்காதது. முடிந்த முடிபில் வேற்றுமை உளதாயினும், பெயரிடும் மனமே மயக்கத்தின் வாயில் என்னும் அளவில் இரு நெறியும் ஒத்துச் செல்கின்றன.

இற்றை நாள் மூளை நூல் கூறுவது

ஜெர்மானிய அறிஞர் எல்மோல்ட்சு 1867-ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற தம் ஒளியியல் நூலில், காணுதல் என்பது நாம் அறியாமலே மனம் செய்யும் ஊகம் என்று கூறினார். அதன்பின் வந்த ஆராய்ச்சிகள் அதனை வலியுறுத்தின. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. கண்ணிலிருந்து வரும் செய்தி மூளைப் புறணியை அடையுமுன் தாலமசு என்னும் இடைநிலையத்தில் தங்குகின்றது. அங்குள்ள அணுக்கள் பெறும் இணைப்புகளுள் கண்ணிலிருந்து வருவன பத்தில் ஒரு பங்கிற்கு மேற்படா. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி மூளையின் உள்ளிருந்தே வருவன. அஃதாவது, வெளியிலிருந்து வருவதனைக் காட்டிலும் உள்ளிருந்து சேர்க்கப்படுவது மிகுதி. விழியின் பின்புறம் நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் அணுக்களே இல்லை. எனினும் நம் காட்சியில் ஓட்டை தோன்றுவதில்லை. மனம் அதனை இட்டு நிரப்பிவிடுகிறது.

பிற மனிதரைக் காணும்போதும் இவ்வாறே நிகழ்கின்றது. ஒரு முகத்தை முகமென மூளை பிரித்தறிவது ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்கிற்குள் முடிந்துவிடுகிறது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், வெள்ளையர்க்கு அறிமுகமற்ற கறுப்பர் முகங்களைக் காட்டி, அச்ச உணர்வோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் மூளைப்பகுதியை அளந்தனர். அப்பகுதியின் கிளர்ச்சி, அவர்கள் வாயால் கூறிய கொள்கையோடு பொருந்தவில்லை. அவர்களே அறியாத உள்ளார்ந்த சார்போடு பொருந்தியது. ஆனால் அனைவரும் அறிந்து மதிக்கும் கறுப்பர் முகங்களைக் காட்டியபோது அத்தொடர்பு காணப்படவில்லை. இதனால் விளங்குவன இரண்டு. கொள்கை மாறியதனால் மட்டும் காட்சி மாறிவிடாது. பழக்கம் மாறினால் காட்சியும் மாறக்கூடும்.

குரு எந்த ஆய்வுக்கூடத்தையும் அறிந்தவரல்லர். அவர் முன்னரே அறிவியல் உண்மைகளைக் கண்டுபிடித்துவிட்டார் என்று உரைப்பது நம் கருத்தன்று. ஆயின் அவர்தம் வாழ்வின் பிற்பகுதி, மேற்கூறிய இரண்டு உண்மைகளையும் உணர்ந்தவர் ஒருவரின் வாழ்வாகவே நடந்தது.

சாதிக்கு இலக்கணம்

சாதி இலக்கணம் என்னும் சிறு நூலில் அவர் ஒரு சோதனையை வைக்கிறார். புணர்ந்து ஈனும் உயிர்கள் எல்லாம் ஓரினம். அங்ஙனம் அல்லாதவை வேறினம். ஒவ்வோரினத்திற்கும் உடலமைப்பும் ஒலியும் மணமும் சுவையும் வெம்மையும் தண்மையும் பார்வையும் தனித்தனியே அமைந்துள்ளன. ஆதலின் ஒருவனுடைய ஊரையும் பெயரையும் தொழிலையும் வினவலாம். இனத்தை வினவ வேண்டுவதில்லை, உடலே அதனைச் சொல்லிவிடுகிறது. புலன்களின் சான்றை நேர்மையாகக் கேட்பின், பசுவிற்கும் மனிதனுக்கும் வேற்றுமை தெரியும். மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையே சாதி தெரியாது. கண்டது மனிதன், சேர்த்தது சாதி.

1925-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் காந்தியடிகள் சிவகிரிக்கு வந்தார். அங்கிருந்த மாமரத்தின் இலைகள் ஒன்றுபோல் ஒன்றில்லாமையைச் சுட்டி, மக்களிடையிலும் இயற்கை வேற்றுமை உண்டன்றோ என்றாராம். இலைகள் வேறுபடினும் பிழிந்த சாற்றின் சுவை ஒன்றே எனக் குரு விடை தந்ததாகச் சொல்லுவர்.

பழக்கத்தை மாற்றிய நெறி

அறிவுரை மட்டும் போதாது என்பதைக் குரு நன்கு உணர்ந்திருந்தார். ஆகவே மக்களின் நடத்தையிலேயே கைவைத்தார். தாலிகட்டுக் கல்யாணம், பூப்புச் சடங்கின் ஆரவாரம், பும்சவனத்தை ஒத்த புளிகுடி முதலிய செலவு மிக்க சடங்குகளை நிறுத்தச் செய்தார். உயிர்ப்பலி நடந்த சிறுதெய்வக் கோயில்கள் பலவற்றை மாற்றியமைத்தார். கள்ளிறக்கி வாழ்ந்த குடியினரிடமே கள்ளை விலக்கச் சொன்னார். கோயில் கட்டிய இடத்தில் பள்ளியும் நூலகமும் வேண்டும் என்றார். பிற்காலத்தில் கோயிலைவிடப் பள்ளியையே வற்புறுத்தினார்.

சென்னையில் மருத்துவம் பயின்றும் சாதியின் பெயரால் திருவிதாங்கூரில் வேலை மறுக்கப்பட்டு, மைசூர் அரசில் பணியாற்றியவர் டாக்டர் பல்பு. 1896-ஆம் ஆண்டில் 13,176 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை அரசிடம் அளித்தவர் அவரே. அவரும் கவிஞர் குமாரன் ஆசானும் முன்னின்று உழைக்க, 1903-ஆம் ஆண்டில் ஸ்ரீ நாராயண தரும பரிபாலன யோகம் பதிவு பெற்றது. அதன் வித்து அருவிப்புறத்துக் கோயிற் சங்கமே. நெய்யாற்றின்கரை வட்டத்து வெங்ஙானூரில் தோன்றிய அய்யன்காளி, 1893-ஆம் ஆண்டிலேயே தடைசெய்யப்பட்ட பெருவழியில் வில்வண்டி ஓட்டிச் சென்றதும் இவ்வெழுச்சியோடு சேர்த்து எண்ணத்தக்கது.

உருவ வழிபாட்டிலும் குரு படிப்படியாக மாற்றம் செய்தார். முதலில் கல், பின்னர்க் காரமுக்கில் விளக்கு, 1927-ஆம் ஆண்டில் சேர்த்தலையை அடுத்த களவங்கோட்டில் கண்ணாடி. வழிபட வருவோன் கருவறையில் காண்பது தன் முகத்தையே. தென் திருவிதாங்கூரில் அய்யா வைகுண்டர் காட்டிய வழியும் இதுவே என்பதைச் சாமித்தோப்பு அறிந்த நம் அன்பர்கள் நினைவுகூர்வர். காட்சியைப் பற்றிய ஆராய்ச்சி முழுவதும் அக்கண்ணாடி ஒன்றில் அடங்கிவிட்டது. தான் காண்பது எது என்று கேட்கத் தொடங்கியவன், காண்பவன் யார் என்று கேட்டே தீரவேண்டும்.

பெருந்துன்பம்

இவ்வரலாற்றில் நாம் ஊன்றி நோக்கவேண்டிய பகுதி இனியே வருகின்றது. சாதியை ஒழிக்கத் தோன்றிய யோகத்தில் சாதிப்பற்றே வளரத் தொடங்கியது. மேலோர் தம்மை விலக்கியதை எண்ணிக் கண்ணீர் விட்டவர்கள், தம்மினும் தாழ்ந்தோராக வைக்கப்பட்ட புலையர் தம் கோயிலுக்குள் வருவதை எதிர்த்தனர். குருவின்பால் அவர்கட்கு அன்பு குறைவில்லை. அவர் கூறியதை மறுத்துப் பேசியவரும் அரியர். ஆயினும் கண் பழைய கண்ணாகவே இருந்தது. 1916-ஆம் ஆண்டு மே மாதத்தில் குரு டாக்டர் பல்புவிற்குக் கடிதம் எழுதி, யோகத்திற்குச் சாதிச் செருக்கு மிகுந்துவிட்டமையால், முன்னமே மனத்தால் விட்டதை இப்போது சொல்லாலும் செயலாலும் விடுவதாகத் தெரிவித்தார். அவ்வாண்டிலேயே, தாம் எந்தச் சாதிக்கும் சமயத்திற்கும் உரியவரல்லர் என்று வெளிப்படையாக அறிவித்தார். தம் பெயரால் எழுந்த இயக்கத்தையே துறப்பது எளிய துறவு அன்று.

அதன்பின் அவர் சிவகிரியில் புலையர் குலப் பிள்ளைகளைத் தம்மோடு வைத்து வளர்த்தார். ஆசிரமத்துச் சமையலிலும் வழிபாட்டிலும் அவர்கள் பங்கு கொண்டனர். அவர்தம் மாணவருள் ஒருவரான சகோதரன் அய்யப்பன் 1917-ஆம் ஆண்டில் செறாயியில் புலையரோடு உடனுண்டு, சொந்தச் சாதியாரின் வசைக்கு ஆளானபோது, குரு அவரை ஆதரித்தார். விளக்கவுரை ஆயிரம் செய்யாததை ஒரு பந்தி செய்யும் என்பதை ஆசானும் மாணவரும் அறிந்திருந்தனர்.

சமய மாற்ற வினா

1918-ஆம் ஆண்டிலும் 1926-ஆம் ஆண்டிலும் குரு இலங்கை சென்றார். 1920-களில், ஈழவர் பௌத்தம் தழுவவேண்டும் என்ற கருத்து கேரளத்தில் வலுப்பெற்றது. மிதவாதி இதழாசிரியர் சி. கிருஷ்ணன் அதற்கு முன்னின்றார். சகோதரன் அய்யப்பனும் பௌத்தத்தின்பால் ஈடுபாடு கொண்டார். பௌத்தக் காவியங்கள் பாடிய குமாரன் ஆசானோ, 1923-ஆம் ஆண்டில் மதமாற்றத்தை மறுத்து எழுதினார். குரு தாம் பௌத்தர் ஆகவில்லை. ஆவோரைத் தடுக்கவும் இல்லை. 1924-ஆம் ஆண்டில் ஆலுவாயில் சர்வமத மாநாடு கூட்டி, வாதிடுதற்கன்று, அறிதற்கும் அறிவித்தற்குமே கூடியுள்ளோம் என்னும் கருத்தை முன்வைத்தார். சமயம் எதுவாயினும் மனிதன் திருந்துவதே வேண்டுவது என்பது அவர் நிலை. 

இறுதி

நோய் முற்றி, 1928-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் சிவகிரியில் குரு மறைந்தார். திருவிதாங்கூர்க் கோயில்கள் எல்லோர்க்கும் திறக்கப்பட்டது அதற்கு எட்டாண்டுகட்குப் பின்னர், 1936-ஆம் ஆண்டில். டாக்டர் பல்புவின் மைந்தர் நடராச குரு பாரிசு நகரில் கல்வி உளவியல் ஆராய்ந்து பட்டம் பெற்று, குருவின் அறிவாராய்ச்சி நூல்களை உலகோர்க்கு ஆங்கிலத்தில் விளக்கினார்.

நாம் ஒரு நெறியை ஏற்றுக்கொண்டவர்கள். சரணம் கூறிய நாளிலேயே நம் கண்ணும் மாறிவிட்டது என்று எண்ணி இறுமாந்திருத்தல் தகாது. வாய் ஒன்று கூற, மூளை வேறொன்று காண்பது இயல்பே என்று அறிவியல் அளந்து காட்டியுள்ளது. ஓர் இயக்கமே அவ்வாறு வழுவக்கூடும் என்று குருவின் வரலாறு காட்டியுள்ளது. ஆதலின், நம் விகாரைக்கு வருவோரை நாம் எவ்வாறு காண்கிறோம்? யாரோடு உண்கிறோம்? யார் வீட்டில் பெண் கொள்கிறோம், கொடுக்கிறோம்? வருபவர் ஊரையும் பெயரையும் தொழிலையும் வினவியபின், நாலாவது கேள்வி ஒன்று நம் நாவில் எழுகின்றதா? எழுமாயின் அதனை எழும்போதே கண்டு நிறுத்துவது நற்கடைப்பிடியின் தொடக்கமாகும். உடனுண்டும் உடனிருந்தும் பழகப் பழகக் கண் மாறும். இதனை நம் ஒவ்வொரு குடும்பமும் இன்றே மேற்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.